மூச்சுக்காட்டாத ஆட்டம்

செவ்வாய் இரவு ஒன்பதே கால்.
நீச்சல் வகுப்புப் பிள்ளைகளும் முதுகுவலிக்காரர்களும் போன பிறகு
இன்வர்கார்கில் குளத்தின் ஆழமான பாதி எங்களுக்கு.
வெளியே ஜூலை மாதக் குளிர்,
கார்க் கண்ணாடிகளில் உறைபனி.
உள்ளே குளோரின் நெடி,
ஆளுக்கொரு குட்டை மட்டை.

ஒன்றே கால் கிலோ ஈயம்
பிளாஸ்டிக் சட்டை போட்டுத் தரையில் கிடக்கும்.
பக் என்று பெயர்.
யாருக்காகவும் மேலே வராது.
நாம்தான் போக வேண்டும்.

முதல் மாதம் முழுக்க நான் அதைத் தொடவில்லை.
பாதி வழியிலேயே காது திருப்பி அனுப்பிவிடும்.
மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊது என்றாள் ரோவெனா.
ஊதினேன்.
மண்டைக்குள் எங்கோ ஒரு கதவு
கீச்சென்று திறந்தது.

கையுறை முட்டிகளில் சிலிக்கான் பூசி
பீர் பாட்டிலில் கவிழ்த்துக் காயவைத்தேன்.
சமையலறை ஜன்னலில்
பேருந்தை நிறுத்தச் சொல்கிற கை மாதிரி நின்றது அது.
இது யாருடையது என்றார் டூகல்.
கொஞ்சம் பயந்துதான் கேட்டார்.

தலைக்கு மேல் வெள்ளம் போனால்
சாண் என்ன முழம் என்ன என்பார்கள்.
சொன்னவர் இந்த ஆட்டம் ஆடாதவர்.
சாண் தூரத்தில் பக் பறிபோகும்.
முழம் தூரத்தில் கோல் தொட்டி வாய் பிளந்திருக்கும்.

ஏழாம் வருடம் இடது செவிப்பறை கிழிந்தது.
இனி ஆழம் வேண்டாம் என்றார் மருத்துவர்.
ஆகவே கரையில் நிற்கிறேன்,
கழுத்தில் விசில்,
காலில் யாரோ விட்டுப்போன ரப்பர் செருப்பு.

கரையிலிருந்து தெரிவது:
முதுகுகள்.
துடுப்புக் கால்கள் ஒருமுறை மேலே எழுந்து மறைவது.
குழல்கள் துப்பும் தண்ணீர்.
பிறகு கலங்கல்.
பக்கோடு இருப்பவளுக்கு என் குரல் எட்டாது.
எட்டுகிற தூரத்தில் இருப்பவள்
அந்த நொடி மூச்சு வாங்க வந்தவள்.
அவளுக்கும் காதெல்லாம் தண்ணீர்.

லோசாவுக்கு மட்டும் மூச்சுக்கு முந்நூறு தடவை சொன்னேன்:
காற்று மீதி இருக்கும்போதே கொடுத்துவிடு.
காலியான பிறகு கொடுத்தால்
அதற்குப் பெயர் வேறு.

லோசா ரொட்டி ஆலையில் இரவு வேலை பார்ப்பவள்.
தேவாலயப் பாட்டில் எல்லோரும் முடித்த பிறகும்
இழுத்துக்கொண்டே போகிற குரல்.
நாற்பது நொடி தரையிலேயே இருப்பாள்,
பக்கை மூலைக்குத் தள்ளி,
முழங்கையால் இடம் பிடித்து.
பிறகு நீலமாக மேலே வருவாள்,
பக் எதிராளிகளிடம் இருக்கும்.

அக்டோபரில் ஒருநாள்
குளத்து விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருமினாள்.
நான் ஆரம்பித்தேன், அதே வாக்கியம்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டாள்:
"கொடுக்க யார் இருந்தா கீழே?"

திரும்பிப் பார்த்தேன்.
மற்ற ஐந்து பேரும் மேலே மிதந்துகொண்டிருந்தார்கள்,
முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து,
அவள் எவ்வளவு நேரம் தாங்குகிறாள் என்று
இத்தனை நாளும் வேடிக்கை பார்த்தவர்கள்.
அவர்களோடு சேர்த்து ஆறாவதாக நானும்.

இரண்டு வாரம் பக் என் பையிலேயே கிடந்தது.
வெறும் தரைக்குப் போகச் சொன்னேன்.
ஒருத்தி போய் எட்டு எண்ணுவதற்குள் அடுத்தவள்,
அவள் திரும்புமுன் இன்னொருத்தி.
இல்லாத ஒன்றைத் தள்ளி, இல்லாத ஒன்றை வாங்கி.
பைத்தியக்காரத்தனம் என்று நடுவயதுக் கணக்காளர் பிரைடி
துண்டால் முகம் துடைத்தபடி சொன்னாள்.
ஆனாலும் போனாள்.

டனீடினில் தோற்றோம், ஆறுக்கு இரண்டு.
அந்த இரண்டாவது கோலை நான் பார்க்கவில்லை.
பார்த்தது இதுதான்:
லோசா சீக்கிரமே மேலே வந்தாள்.
முகத்தில் நீலம் இல்லை.
குழல் வழியாகச் சிரித்தாள் போலிருந்தது, அல்லது புரை ஏறியிருக்கலாம்.
அவள் பக்கத்திலேயே
ஒரு ஜோடி மஞ்சள் துடுப்புகள்
சத்தமில்லாமல் அமிழ்ந்துகொண்டிருந்தன.
பக் எங்கே என்று கையை விரித்துக் கேட்டேன்.
தோளைக் குலுக்கினாள்.